மறுபடி முதலாளி

பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது பசை வாடை. அடுத்து காதைத் துளைப்பது கம்பி தைக்கும் இயந்திரத்தின் டக் டக். அந்த இரண்டுக்கும் பழகி நிற்பதற்குள் முதலாளியின் குரல் கேட்டுவிடும்: "மறுபடி ஒட்டணும்."

அட்டைப்பெட்டி செய்யும் பட்டறை அது. பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் விளையும் பழமும், பண்ணைகளின் முட்டையும் அங்கே செய்த பெட்டிகளில்தான் ஊர் விட்டு ஊர் போயின. முதலாளிக்கு ஐம்பத்திரண்டு வயது. தங்கமான மனுஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் ஸ்கூட்டரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவார். யாரையும் அடா புடா என்று பேசியதில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம். யார் எதைச் செய்து முடித்தாலும் அதை எடுத்துத் தானே ஒரு தடவை செய்துவிடுவார்.

முடிந்த பெட்டியைக் கவிழ்ப்பார். அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்துவார். ஒட்டிய ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டுவார். மனசுக்கு ஒப்பவில்லையென்றால் சர்ரென்று பிரித்து, பசையைத் தடவி, தானே ஒட்டி அடுக்கில் வைப்பார். மனசுக்கு ஒப்பும் நாட்கள் குறைவு.

இந்தப் பழக்கம் அவரோடு பிறந்ததல்ல. பட்டறை ஆரம்பித்த இரண்டாம் மாதம், கோழிப்பண்ணை ஒன்றிலிருந்து முதல் பெரிய வேலை வந்தது. முந்நூறு பெட்டி. அவசரத்தில் பசை காய்வதற்கு முன்பே கட்டி அனுப்பிவிட்டார்கள். பண்ணையில் முட்டையை நிரப்பி லாரியில் ஏற்றும்போது நாற்பது பெட்டியின் அடி பிளந்துகொண்டது. பண்ணைக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. முட்டைக் குழம்பாகக் கிடந்த தரையைக் காட்டி, "பாத்து வாங்க, வழுக்கும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட முதலாளி மறந்திருப்பார். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. அன்றிலிருந்து அவர் கை படாத பெட்டி பட்டறையை விட்டு வெளியே போனதில்லை.

பத்தொன்பது வருடம் இப்படியே ஓடிற்று. கடைசி இரண்டு வருடத்தில் மட்டும் ஒன்பது பேர் வேலையை விட்டுப் போனார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். ஒருவருக்கு முதுகு வலி, ஒருவரை நகரத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டான், ஒருத்திக்குப் பேருந்து நேரம் ஒத்துவரவில்லை. முதலாளி எல்லாவற்றையும் நம்பினார். "இப்ப இருக்கறவங்களுக்கு ஒரு எடத்துல கால் நிக்க மாட்டேங்குது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, புது ஆளுக்குப் பசை தடவக் கற்றுக்கொடுக்கப் போய்விடுவார்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கிராமப்புறத்துச் சிறு தொழில்களில் ஆட்கள் ஏன் நிலைக்கிறார்கள், ஏன் போகிறார்கள் என்று ஒரு பெண்மணி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். பன்னிரண்டு பட்டறைகளைப் பார்க்கிறார். உங்கள் பட்டறையில் சில வாரங்கள் உட்கார்ந்து கவனிக்க அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல பட்டறை எப்படி இருக்கும் என்று எழுதத்தான் தன்னிடம் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

வந்தவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. பருத்திச் சேலை, தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் கோடு போட்ட நோட்டு. பசைப் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டார். "நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கோங்க" என்றார்.

சொன்னால் முடிகிற காரியமா? முதல் வாரம் பட்டறையே கல்யாண வீடு மாதிரி இருந்தது. முதலாளி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கம்பி தைக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவர், எல்லோரும் தையல்காரர் என்று கூப்பிடும் மனிதர், மணிக்கு ஒரு தரம் தலை சீவினார். ஒட்டுகிற பகுதிக்கு மூத்தவளான ஒட்டுறக்கா மட்டும் எப்போதும் போலவே இருந்தாள். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள் அவள். அவளுக்குப் பெயர் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் அது தேய்ந்து வேலையே பெயராகிவிட்டது.

இரண்டாவது வாரம் சட்டை கசங்கியது. மூன்றாவது வாரம் சீப்பு காணாமல் போனது. அதற்கப்புறம் முக்காலியில் ஒருவர் இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். முதலாளி மட்டும் ஒரு நாள் பக்கத்தில் போய் நோட்டை எட்டிப் பார்த்தார். எழுத்தே இல்லை. நாலு கோடு, குறுக்கே ஒன்று. நாலு கோடு, குறுக்கே ஒன்று. பக்கம் பக்கமாக அதுதான்.

"என்ன மேடம், எல்லாம் கோடா இருக்கு?"

"எண்ணிட்டு இருக்கேன் சார். யாரு யாருகிட்ட பேசுறாங்க, யாரு என்ன செய்யறாங்கன்னு."

"நெறைய இருக்கே!" என்று அவர் பெருமைப்பட்டார். இவ்வளவு சுறுசுறுப்பான பட்டறையை அந்த அம்மா பார்த்திருக்க மாட்டார் என்று எண்ணம்.

கடைசி வாரத்தில் ஒவ்வொருவராகக் காகிதச் சுருள் வைக்கும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திப் பேசினார் அந்த அம்மா. அன்றைக்குப் பார்த்து முதலாளிக்கு அந்தப் பக்கமாக ஏழு தடவை போகவேண்டிய வேலை இருந்தது. ஒன்றும் காதில் விழவில்லை. பதினோராவது வாரம் முடிந்து புறப்படும்போது அந்த அம்மா சொன்னார்: "யார் என்ன சொன்னாங்கன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன் சார். ஆனா உங்களப் பத்தி நான் கவனிச்சத நீங்க கேட்டா, தருவேன்."

"கண்டிப்பாக் குடுங்க மேடம். சட்டம் போட்டு சுவத்துல மாட்டிடறேன்."

நாலு மாதம் கழித்து ஒரு தாளோடு வந்தார்.

முதலாளியின் அறை என்பது அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. தேநீர் வந்தது. அந்த அம்மா அதைத் தொடாமல் தாளை மேஜை மேல் வைத்தார். மாதிரிப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு முதலாளி படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இது என்ன நாப்பத்தொண்ணு?"

"ஒரு நாளைக்குச் சராசரியா நாப்பத்தொரு தடவ, இன்னொருத்தர் முடிச்ச வேலைய நீங்க பிரிச்சுத் திரும்பச் செஞ்சிருக்கீங்க சார்."

"தப்பா இருந்தா செய்யாம?"

"அதையும் எண்ணினேன். நாப்பத்தொண்ணுல தப்பு இருந்தது ரெண்டு."

முதலாளி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு கீழ இருக்கு. இப்படிச் செஞ்சா என்னன்னு யாராவது உங்ககிட்ட ஒரு யோசனை சொன்னது, பதினொரு வாரத்துல மூணே தடவ. மூணு தடவையும் அவங்க முடிக்கறதுக்குள்ள நீங்க அடுத்த மேஜைக்குப் போயிட்டீங்க."

"யாரு சொன்னது இதெல்லாம்?"

"யாரும் சொல்லல சார். நானே பாத்தது."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் யாரும் கேட்டிராத குரலில், "உங்க படிப்புக்கு என் பொழப்புதான் கெடச்சுதா?" என்றார். தடுப்புக்கு அந்தப் பக்கம் டக் டக் நின்றுவிட்டது.

அந்த அம்மா எழுந்து போகவில்லை. ஆறிப்போன தேநீரை எடுத்து இரண்டு வாய் குடித்தார். "கோவம் வரும்னு தெரியும் சார். மத்த எடத்துல யாரும் தாளையே கேக்கல. நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. அதனாலதான் தபால்ல போடாம நேர்ல வந்தேன்" என்றார். பிறகு மெதுவாக விளக்கினார். ஒரு கிராமத்துப் பட்டறையிலிருந்து ஒருவர் போனால் அவர் பெரும்பாலும் நகரத்துக்குப் போகிறார். அவரோடு ஒரு குடும்பம் போகிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளை குறைகிறது, கடையில் ஒரு வாடிக்கை குறைகிறது. ஏன் போகிறார்கள் என்று தேடினால் சம்பளம், தூரம் எல்லாம் வருகிறது. ஆனால் அவர் பார்த்த பன்னிரண்டில் ஒன்பது இடத்தில், போவதற்கு ரொம்ப நாள் முன்பே, செய்கிற வேலை தங்களுடையது என்ற எண்ணம் அவர்களை விட்டுப் போயிருந்தது.

முதலாளி தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வாசல் வரை போய் வழியனுப்பினார். மரியாதைக்குக் குறைவு வைக்கவில்லை.

வீட்டில் மனைவியிடம் தாளை நீட்டினார். சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறவர் அவர். எதையும் நிதானமாகப் படிப்பார். நிதானமாகத்தான் ஆரம்பித்தார், நடுவில் உதடு துடித்தது, அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"அந்தம்மாவ நம்ம வீட்டுலயும் ஒரு வாரம் உக்கார வெச்சிருக்கணும். நான் மடிச்ச துணிய பிரிச்சு மடிக்கறது, நான் பூட்டின கதவ தெறந்து பூட்டறது... நோட்டு பத்தாது."

"நான் எப்ப..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். காலையில் மடித்த துணி ஞாபகம் வந்துவிட்டது.

"உங்களுக்குப் பட்டறையில என்ன பேருன்னு தெரியுமா?"

"எனக்கா? பேரா?"

"மறுபடி முதலாளி. ஊசி போட்டுக்க வர்ற உங்க ஆளுங்க எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க. ஏழெட்டு வருஷமா எனக்குத் தெரியும்."

"சொல்லலயே!"

"சொல்லியிருக்கேன். நீங்க நகர்ந்துட்டீங்க."

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி இருந்தார். மனைவி சிரிப்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்த முட்ட லாரி போயி எத்தன வருஷமாச்சு? நீங்க இன்னும் அங்கயே நின்னுட்டு இருக்கீங்க. நீங்க கெட்டவர்னு யாரும் சொல்லலங்க. பயந்துட்டு இருக்கீங்க, அவ்வளவுதான்."

யாராவது தன்னிடம் அதைச் சொல்லவேண்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தார் போல. அவர் தோள் இறங்கியது.

மறுநாள் பட்டறைக்குப் போனதும் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஒரு பெட்டியைத் தொடவில்லை. அடுக்கைப் பார்த்தார், கை துறுதுறுத்தது, பைக்குள்ளேயே முஷ்டியை இறுக்கினார். பத்து மணிக்குள் பட்டறை பயந்துபோய்விட்டது. தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"முதலாளி, உடம்புக்கு எதாவது...?"

"ஒண்ணுமில்லையே."

"அப்ப பட்டறைய மூடப் போறீங்களா? நேரா சொல்லிடுங்க. வீட்டுல சொல்லணும்."

இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று அவருக்குப் புரிந்தது. எல்லோரையும் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து, ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தார். நாற்பத்தொன்று என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தடுமாறியது.

ஒட்டுறக்காதான் வாயைத் திறந்தாள். "அது அந்தம்மா இருந்தப்ப எண்ணினது முதலாளி. அப்ப நீங்க கொஞ்சம் அடக்கமா இருந்தீங்க."

முதலில் தையல்காரர் 'க்ளுக்' என்றார். அடுத்து முழுப் பட்டறையும் வெடித்துச் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, நான் என்னதான் செய்யறது? நீங்களே சொல்லுங்க."

"வெளிய போங்க" என்றாள் ஒட்டுறக்கா.

"என் பட்டறைய விட்டா?"

"ஆமா. இங்க இருந்தா உங்க கை சும்மா இருக்காது. போயி தோட்டக்காரங்களப் பாருங்க. பெட்டி எப்படி இருக்குன்னு கேளுங்க. எங்க நாத்தனார் தோட்டத்துல பழம் அடுக்கற வேலைக்குப் போறா. பெட்டி பெருசா இருக்கு, தூக்க முடியலன்னு புலம்பறா. நாலு வருஷமா உங்ககிட்ட சொல்லிட்டு இருக்கேன்."

அந்த நாலு வருடத்தில் ஒரு தடவைகூட அது தன் காதில் ஏறியதாக அவருக்கு ஞாபகமில்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். லாரியில் ஏற்றியதோடு தன் கடமை முடிந்தது என்று இருந்த மனிதர், அந்தக் கோழிப்பண்ணைக்குப் பிறகு முதன்முதலாகத் தன் பெட்டிகள் போய்ச் சேரும் இடத்தைப் பார்த்தார். இரண்டாவதாகப் போன தோட்டத்தில் தகரக் கொட்டகைக்குள் ஏழெட்டுப் பெண்கள் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒருத்தி கத்தியை வைத்துக்கொண்டு, அவருடைய பெட்டிகளின் மேல்பகுதியைச் சுற்றிவர அறுத்து எறிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நாள் முழுக்க அதுதான் வேலை. கொட்டகைக்குப் பின்னால் அறுத்த அட்டை மலையாகக் கிடந்தது. ஒவ்வொன்றும் அவர் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து அனுப்பியது.

"ஏம்மா அறுக்கறீங்க?"

"முழுசா நெறச்சா தூக்க முடியல அண்ணே. அடியில இருக்கற பழமும் நசுங்குது. பாதி உயரம் போதும்."

"பெட்டிக்காரர்கிட்ட சொல்லக்கூடாதா?"

"அவருகிட்டயா? பெட்டி அவ்வளவு கச்சிதமா ஒட்டியிருக்காரு. போயி அறுத்துட்டோம்னு எப்படிச் சொல்றது? மனசு வருத்தப்படாது?"

நான்தான் அந்தப் பெட்டிக்காரன் என்று சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சொன்னதும் அவள் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "மறைக்காதீங்கம்மா, அந்த அளவ எனக்குக் காட்டுங்க" என்றார்.

இப்படிப் பதினொரு தோட்டம் போனார். ஐந்து இடத்தில் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று இடத்தில் கைவிடும் ஓட்டையை இன்னும் கீழே போடச் சொன்னார்கள். ஒருவர், நடுவில் ஒரு தடுப்பு வைத்தால் இரண்டு ரகப் பழத்தை ஒரே பெட்டியில் அனுப்பலாம் என்றார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்து ஒட்டுறக்காவிடம் கொடுத்தார். அவளும் தையல்காரரும் தரையில் அட்டையை விரித்துப் போட்டு, வெட்டி, மடித்து, மூன்று நாளில் புதுப் பெட்டி ஒன்றைச் செய்தார்கள். முதலாளி மூன்று நாளும் தடுப்புக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார். பல்லைப் பிடுங்கும்போது நாற்காலியைப் பிடித்துக்கொள்வது மாதிரி மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று தையல்காரர் பிற்பாடு எல்லோரிடமும் நடித்துக் காட்டினார்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. இரண்டாவது மாதம் ஒரு கட்டு முழுக்க 'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறி தலைகீழாக அச்சாகிவிட்டது. அதைப் பார்த்ததும் ஒட்டுறக்கா நிறுத்தினாள், பிரித்தாள், திரும்பச் செய்தார்கள், லாரி நேரத்துக்குப் போயிற்று. முதலாளிக்குத் தேநீர் வேளையில்தான் தெரிந்தது. ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், தன்னைக் கூப்பிடவே இல்லையே என்று சின்னப் பிள்ளை மாதிரி ஒரு மனத்தாங்கல். அதையும் மனைவியிடம் சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு அப்போது தேறியிருந்தார்.

சின்னப் பெட்டிக்குத் தேவை பெருகியது. தூக்க முடிகிற பெட்டி வந்ததும் பழம் அடுக்கும் வேலைக்கு இன்னும் பெண்கள் வந்தார்கள். பக்கத்து ஊர்களில் இரண்டு கொட்டகை புதிதாக எழும்பியது. பட்டறையில் பதினான்கு பேர் இருபத்தொருவர் ஆனார்கள். விட்டுப்போன ஒன்பது பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். இன்னொருவனைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோது முதலாளி, "வந்துடேன்" என்று கூப்பிட்டார். அவன் தயங்கினான். "அங்க பெரிய கம்பெனி, முதலாளி. என்னைய யாரும் பாக்கறதே இல்ல. அதுவும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. ஆனா பிள்ளைங்க அங்க பள்ளிக்கூடத்துல பழகிடுச்சுங்க" என்றான். இரண்டு பேரும் தேநீர் குடித்தார்கள். பேருந்து வந்தது, அவன் போய்விட்டான். சிலது கைநழுவினால் நழுவியதுதான் என்று அவர் அன்றைக்கு ஒத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வருடம் பட்டறைச் சாவியை ஒட்டுறக்காவிடம் கொடுத்துவிட்டு, மனைவியோடு ஐந்து நாள் மகள் வீட்டுக்குப் போனார். மகள் இருந்த நகரத்துக் கல்லூரி ஒன்றில்தான் அந்த ஆராய்ச்சியம்மா இப்போது பேராசிரியர். போய்ப் பார்க்காமல் இருக்க முதலாளிக்கு மனசு வரவில்லை; மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அம்மாவின் அறை முதலாளியின் தடுப்பைவிடச் சின்னதாக இருந்தது. மேஜை தெரியாமல் புத்தகம். தடிமனாகக் கட்டிய ஆய்வேட்டைக் காட்டினார். அதில் அவருடைய பட்டறைக்குப் பெயர் கிடையாது. ஏழாம் எண் நிறுவனம்.

"அன்னிக்குக் கோவப்பட்டுட்டேன் மேடம்."

"பரவாயில்ல சார். எனக்கும் அப்ப பயமாத்தான் இருந்துச்சு. என் வழிகாட்டிப் பேராசிரியர் இருக்காரே, அவரும் உங்க ஜாதிதான். நான் எழுதின ஒவ்வொரு வரியையும் அழிச்சுட்டு அவரே எழுதுவாரு. உங்க தாள எழுதறப்ப பாதி கோவம் அவரு மேல."

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"உங்களப் பாத்துட்டு வந்தப்புறம் சொன்னேன். ஒரு வாரம் பேசல. அப்புறம் கடைசி ரெண்டு அத்தியாயத்த தொடவே இல்ல."

மூன்று பேரும் சிரித்தார்கள். பத்து நிமிடத்தில் அந்த அம்மாவுக்கு வகுப்பு இருந்தது. "நீங்களும் வாங்களேன், ரெண்டு வார்த்த பேசுங்க" என்று கூப்பிட்டார். முதலாளி ஆயிரம் சாக்குச் சொன்னார். மனைவி பின்னாலிருந்து தள்ளாத குறையாக அனுப்பி வைத்தார்.

ஐம்பது பேர் இருந்த வகுப்பு. தயங்கித் தயங்கிப் போய் நின்றவர், பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கை தானாக அசைந்தது. அறுத்து எறிந்த அட்டை மலையைச் சொன்னார். கத்தியை மறைத்த பெண்ணைச் சொன்னார். தனக்கு இருந்த பட்டப்பெயரையும் சொன்னார். வகுப்பு சிரித்து ஓய்ந்ததும், கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "உங்க குறைய ஒருத்தங்க வந்து எண்ணிச் சொன்னாங்களே, அவமானமா இல்லையா சார்?"



"இருந்துச்சும்மா. ஆனா ஒண்ணு. எங்க அப்பா அம்மா, என் வீட்டுக்காரம்மா, எல்லாரும் என் மேல உசுரா இருந்தவங்கதான். ஆனா ஒரு நாள் பூரா என்னையே பாத்துட்டு யாரும் உக்காந்ததில்ல. யாருக்கு நேரம் இருக்கு? இவங்க பதினொரு வாரம் பசை நாத்தத்துல உக்காந்து என்னப் பாத்தாங்க. பாத்தத சொன்னா எனக்குப் பிடிக்காதுன்னு தெரிஞ்சும் மூணு பேருந்து மாறி வந்து சொல்லிட்டுப் போனாங்க. அந்த மாதிரி ஒருத்தர் நம்ம வாழ்க்கையில வர்றது லேசில்லம்மா."

பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மணி அடித்தது. வெளியே வந்ததும் மனைவி அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் வீட்டுக்குப் போகும் பேருந்து கூட்டமாக இருந்ததால், இரண்டு பேரும் அதை விட்டுவிட்டு நடந்தே போனார்கள்.